மனசாட்சிக் காயம் சிப்பாய்க்கு மட்டுமா, நர்ஸுக்கும் உண்டா?

பரங்கிமலை சுபேதார்:
நேற்று மணலி மல்லிகா இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து கடுப்பாக இருக்கிறது. கோவிட் வார்டு நர்ஸுக்கும் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்க்கும் ஒரே காயமாம், ‘மாரல் இஞ்சுரி’, அதாவது மனசாட்சிக் காயமாம். ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போகிற வேலையைப் போரோடு முடிச்சுப் போடாதீர்கள் அம்மா. இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படையில் ஏறத்தாழ 1,200 பேரை இழந்தோம். 1990 மார்ச்சில் கடைசியாகத் திரும்பியவர்கள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அன்றைய முதல்வர் வரவேற்க வரவில்லை. காயம் என்றால் அது. மற்றதெல்லாம் வேலைப்பளு.

மணலி மல்லிகா:
வேலைப்பளுவா? 2021 மே மாதம், ராத்திரி டியூட்டி. ஆக்ஸிஜன் சிலிண்டரில் அழுத்தம் இறங்கிக்கொண்டே வருகிறது. அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு பேர், ஒருவருக்குக் குறைத்தால்தான் மற்றவருக்கு. டாக்டர் வேறு வார்டில். ஃப்ளோமீட்டர் திருகைத் திருப்பியது என் கைதான். அந்தப் பாட்டி மாஸ்க்குக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ‘இப்ப சரியாயிடும்மா’ என்று சொல்லிக்கொண்டே குறைத்தேன்.

உங்களுக்கு யாரும் வரவேற்க வரவில்லை என்று கோபம். எங்களுக்கு 2020 மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டரிலிருந்து பூவே தூவியது. ஆறிவிட்டதா? பிறகு 2022 டிசம்பர் 31-ஓடு கோவிட் ஒப்பந்த நர்ஸ்கள் 2,400 பேருக்கு மேல் வேலை போனது. அந்தப் பூவை வைத்து என்ன செய்வது, சாம்பார் வைப்பதா?

வேளச்சேரி வாசு:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். வியட்நாமிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே 1990-களில் மாரல் இஞ்சுரி என்று சொன்னது: உயிர் போகிற நேரத்தில், பொறுப்பில் இருக்கும் மேலதிகாரியே நியாயத்துக்குத் துரோகம் செய்வது. 2009-இல் உளவியலாளர் பிரெட் லிட்ஸும் கூட இருந்தவர்களும் அதை விரித்தார்கள். தானே செய்தது, தடுக்க முடியாமல் போனது, கண்ணால் பார்த்தது என்று எல்லாம் வரும். பிடிஎஸ்டிக்கு, அதாவது அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனப் பாதிப்புக்கு, அடிப்படை பயம், இதற்குக் குற்ற உணர்வும் அவமானமும். சிப்பாய்க்கும் பொருந்தும், நர்ஸுக்கும் பொருந்தும். இதில் என்ன சண்டை?

பரங்கிமலை சுபேதார்:
தம்பி, பாடம் எடுக்காதே. முதல்வர் துறைமுகத்துக்கு வந்தாரா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்.

வேளச்சேரி வாசு:
வரவில்லை. ஆனால்...

பரங்கிமலை சுபேதார்:
‘ஆனால்’ எல்லாம் வேண்டாம். வரவில்லை. முடிந்தது.

வளசரவாக்கம் கலா:
எங்கே முடிந்தது அண்ணை? ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கோ. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டது யார்? செத்தவர்களில் டாக்டர்மாரும் இருந்தார்கள், நர்ஸ்மாரும் இருந்தார்கள். மல்லிகா அக்கா ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவர் என்கிறீர்கள். அவர்கள் ஷிப்ட் முடிந்தும் போகவில்லை. அதைச் செய்த படைக்கு மாலை வேறு போட வேண்டுமோ?

பரங்கிமலை சுபேதார்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். அமைதிப் படை என்றதும் எல்லோருக்கும் அந்த ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். நான் அங்கே இல்லை. நான் இருந்தது வேறு இடம். தமிழ் தெரியும் என்பதால் என்னை மொழிபெயர்ப்புக்கு நிறுத்தியிருந்தார்கள். வீட்டு வாசலில் நின்று ‘பயப்படாதீங்க, தம்பியிடம் இரண்டு கேள்வி கேட்டுட்டு அனுப்பிடுவாங்க’ என்று நான் சொல்ல வேண்டும். என் தமிழைக் கேட்டதும் அந்த அம்மா கதவைத் திறந்துவிடுவார். பையன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான், ‘செருப்பு எதுக்கு, உடனே வந்துடலாம்’ என்றேன். வண்டி எங்கே போனது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதையெல்லாம் தாண்டி ஊருக்கு வந்தால் வரவேற்க ஆள் இல்லை. அதைச் சொன்னால் ஆஸ்பத்திரிக் கதை சொல்கிறீர்கள். மறுபடி கேட்கிறேன், முதல்வர் ஏன் வரவில்லை?

வேளச்சேரி வாசு:
ஒரு நிமிஷம் சார். போன பொங்கல் சமயத்தில் மிலிட்டரி கேன்டீன் சரக்கு பற்றி நடந்த சண்டையில் ‘நான் 89 ஆகஸ்டிலேயே ஊர் வந்து சேர்ந்துவிட்டேன்’ என்று எழுதினீர்களே? அப்படியானால் 90 மார்ச்சில் துறைமுகத்தில் இறங்கியது யார்?

பரங்கிமலை சுபேதார்:
நான் இறங்கினேன் என்று எங்கேயாவது எழுதினேனா? ‘கடைசியாகத் திரும்பியவர்கள்’ என்று எழுதினேன். கண்ணாடி போட்டுப் படி. என் யூனிட்டுக்கு நடந்தாலும் பக்கத்து யூனிட்டுக்கு நடந்தாலும் அவமானம் ஒன்றுதான்.

மணலி மல்லிகா:
அட! நீங்கள் இல்லாத துறைமுகத்தில் நடந்தது உங்களுக்குக் காயம். என் கையால் திருகியது எனக்கு வேலைப்பளு. நல்லா இருக்கு ஐயா நியாயம்.

2020 ஏப்ரலில் கோவிடில் இறந்த டாக்டரின் உடலை சென்னை வேலங்காடு இடுகாட்டில் புதைக்கப் போனபோது கல்லால் அடித்தார்களே, ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்ததே, சக டாக்டரே மண்வெட்டி எடுத்து மண் தள்ளினாரே, அங்கே எந்த முதல்வர் வந்தார்?

பரங்கிமலை சுபேதார்:
அது ஜனங்கள் செய்தது, அரசு செய்ததில்லை. ஜனங்கள் கல்லெறிவது வேறு, முதல்வர் வராமல் இருப்பது வேறு. வித்தியாசம் புரியாதவர்களிடம் என்ன பேசுவது?

வளசரவாக்கம் கலா:
செருப்பில்லாமல் போன பிள்ளையின் தாயிடம் அந்த வித்தியாசத்தைச் சொல்லிப் பாருங்கோ.

பரங்கிமலை சுபேதார்:
அதை இதில் இழுக்க வேண்டாம். அது நான் சொன்ன விஷயம். துறைமுகத்தைப் பற்றிப் பேசு.

வேளச்சேரி வாசு:
சார், நீங்கள் எழுதியதிலேயே அது ஒன்றுதான் இந்தத் தலைப்புக்குச் சம்பந்தப்பட்டது.

பரங்கிமலை சுபேதார்:
எது சம்பந்தம் என்று ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கும் நீ சொல்லாதே. கேன்டீன் கார்டில் இரண்டு பாட்டில் வாங்கித் தாருங்கள் என்று தனிச்செய்தியில் கெஞ்சியவன்தானே நீ? நான் மறுத்ததிலிருந்து என் ஒவ்வொரு பதிவிலும் வந்து தேதி சரிபார்க்கிறாய்.

வேளச்சேரி வாசு:
கெஞ்சவில்லை. விலை கேட்டேன். அதுவும் என் மாமாவுக்காக.

மணலி மல்லிகா:
இதற்குத்தான் இரண்டு நாளாக நேரம் செலவழித்தேனா? சுபேதார் ஐயா, ‘வேலைப்பளு’ என்று எழுதியதை முதலில் எடுங்கள்.

பரங்கிமலை சுபேதார்:
எடுக்க மாட்டேன். முதல்வர் வந்தாரா, இல்லையா?