பணிமாற்றக் கடிதம்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எழுதுகிறேன். தம்பி வேலை செய்யும் அரசுப் பிரிவைப் புதிய பொது நிறுவனத்துக்கு மாற்றுகிறார்களாம். கடிதத்தோடு வந்த பட்டியலில் லாரி, மேசை, நாற்காலி, ஜெராக்ஸ் மெஷின், அதற்கு அடுத்த வரியில் இவன் பெயர்! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

1995 தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 197ஆம் பிரிவுப்படி, நடந்துகொண்டிருக்கும் தொழில் அப்படியே கைமாறினால் வேலை ஒப்பந்தமும் கூடவே போகும், பழைய சர்வீஸ் அறுந்துபோகாது, மொத்தத்தில் பார்த்தால் சம்பளமும் சலுகைகளும் குறையக் கூடாது, இவ்வளவு எனக்குத் தெரியும்.

சரி, பென்ஷன்? வேறு நிதிக்கு மாற்றவும் அதே 197ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது, அங்கேதான் பயம். அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியில் 19 வருடம் கட்டியிருக்கிறான். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். போடாவிட்டால் என்ன ஆகும்? இப்படி மாறிப்போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? யூனியன்காரர் போனையே எடுப்பதில்லை.