லோயரிங் ஸ்பிரிங்கா, காயில்ஓவரா? போலோ வைத்திருப்பவர்களின் அனுபவங்கள்

கோவையிலிருந்து:

என் ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கு லோயரிங் ஸ்பிரிங், அதாவது வண்டியைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங், போட்டிருக்கிறேன். வண்டி 30 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கியது. மலைப்பாதை வளைவுகளில் வண்டி சாய்வது நன்றாகவே குறைந்திருக்கிறது. அதில் எனக்கு முழுத் திருப்தி. ஆனால் ஸ்பிரிங்குக்கு விலை பேசும் முன் ஷாக் அப்சார்பரின் நிலைமையைப் பாருங்கள். ஸ்பிரிங் குட்டையாகிவிட்டால் ஷாக்கின் தண்டு உள்ளே இறங்குவதற்கான இடமும் குறைகிறது. பெரிய பள்ளம் வந்தால் ரப்பர் தடுப்பில் போய் 'டங்'கென்று இடிக்கும். ஸ்பிரிங்கின் விறைப்பையும் அந்தப் பழைய ஷாக்தான் அடக்கியாக வேண்டும்.

மெக்கானிக் என் வண்டியின் பழைய ஷாக்கைக் கழற்றி, தண்டைக் கையால் அமுக்கிக் காட்டினார். எந்த எதிர்ப்பும் இல்லாமல் உள்ளே போனது. சீலைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. "இதன்மேல் புது ஸ்பிரிங் போட்டால் வண்டி குதித்துக்கொண்டே போகும் சார்" என்றார். நான்கு ஷாக்கும் புதிதாக வாங்கிய பிறகு கணக்குப் பார்த்தால், விலை குறைந்த காயில்ஓவர் (உயரத்தை மாற்றிக்கொள்ளும்படி ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து வரும் செட்) ஒன்றின் தொகையை அது எட்டிவிட்டது. ஸ்பிரிங் மலிவு என்பதெல்லாம் நல்ல ஷாக் இருக்கும் வண்டிக்குத்தான்.

சென்னையிலிருந்து:

நான் காயில்ஓவர் கட்சி. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் வண்டி ஓட்டும் ஆசை இருப்பதால், அங்கே ஒரு உயரம், ஊருக்குள் ஒரு உயரம் என்று மாற்றிக்கொள்ள முடிகிறது. போலோவில் முன்பக்கம்தான் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தண்டில் இருக்கும். பின்பக்கம் இரண்டும் தனித்தனி. அங்கே உயரத்தை மாற்றும் திருகு, ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் இருக்கும். பெட்டியைத் திறந்து 'பின்பக்கத்துக்கு வேறு மாதிரி கொடுத்து ஏமாற்றிவிட்டார்களே' என்று பதறாதீர்கள்.

இதில் பராமரிப்பு வேலை உண்டு. கடற்கரைச் சாலைப் பக்கம் குடியிருப்பவர்கள் மழைக்காலம் முடிந்ததும் உயரம் மாற்றும் வளையம் சுழலும் மரையில் ஒட்டிய சேற்றைக் கழுவி, துருத் தடுப்பு எண்ணெய் தடவிவிட வேண்டும். சும்மா விட்டால் வளையம் இறுகிப்போய், உயரத்தை மாற்றுவதற்கென்றே வாங்கிய சாமான் ஒரே உயரத்தில் நின்றுவிடும். என் நண்பர் ஒருவர் தோற்றத்துக்காகத் தரையோடு தரையாக இறக்கி, வீல் அலைன்மென்ட் பார்க்காமலே ஓட்டினார். முன் டயர்களின் உள்விளிம்பு கம்பி தெரியும்வரை தேய்ந்துவிட்டது. வெளியே பார்த்தால் புது டயர் போலவே இருந்தது.

மதுரையிலிருந்து:

இருவரும் வேகத்தடையை மறந்துவிட்டீர்களே! இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி அது 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உள்ள மென்மையான மேடாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் இருப்பது குட்டிச்சுவர். ஸ்பிரிங்கோ காயில்ஓவரோ, மாட்டும் முன்பே வீட்டில் உள்ளவர்களைப் பின் இருக்கையில் உட்காரவைத்து, டேங்க்கை நிரப்பி, வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். இறக்கப்போகும் அளவை அதிலிருந்துதான் கழிக்க வேண்டும்.