32 தையல் இயந்திரங்கள் உள்ள ஆலைக்கு டிஜிட்டல் கண்காணிப்பு முறைமை இப்போதே தேவையா?

கேள்வி (கோப்பாய்):
பாடசாலைச் சீருடைகளோடு கொழும்பு நிறுவனமொன்றின் துணை ஒப்பந்த வேலையும் செய்து வருகிறோம். ஒவ்வொரு இயந்திரத்திலும் உணரி பொருத்தி, உற்பத்தி எண்ணிக்கையைக் கைபேசியிலேயே பார்க்கக்கூடிய முறைமையொன்றை விற்பனையாளர் ஒருவர் காட்டிச் சென்றார். அதன் விலை எங்கள் ஆறு மாத இலாபத்தை விழுங்கிவிடும். நாங்கள் இதற்கு ஆயத்தமா என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது?

மறுமொழி 1:
கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் தொழிற்பொறியியல் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். விற்பனையாளரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, நிறுத்தற்கடிகாரத்தோடு இரண்டு நாள் தையல் வரிசையருகே நில்லுங்கள். கொலர் பொருத்த 72 விநாடியும் பக்கத் தையலுக்கு 45 விநாடியும் செல்கின்றன என்று வைத்துக்கொண்டால், முன்னவர் மணிக்கு 50, பின்னவர் 80 முடிப்பார். கொலரில் ஒருவரே இருக்கும்வரை அந்த வரிசையிலிருந்து 50 சட்டைக்கு மேல் வெளிவராது, உணரியும் அதே 50ஐத்தான் திரையில் காட்டும். பணம் செலவழிப்பதானால் முதலில் பழைய கிளச் மோட்டார்களை மாற்றுங்கள். அவை ஊசி நிற்கும்போதும் சுழன்று மின்சாரத்தைத் தின்பவை. சேர்வோ மோட்டார் மிதியை அழுத்தினால் மட்டுமே ஓடும்.

மறுமொழி 2:
ஐயா சொல்வதில் பாதி சரி. ஆனால் கடிகாரமும் கொப்பியும் போதும் என்று இருந்துவிட முடியாது. நான் முன்பு வேலை செய்த இடத்தில், மணிக்கு மணி எழுத வேண்டிய எட்டு மணித்தியாலங்களின் உற்பத்தி எண்களும் ஒரே பேனையால், ஒரே சாய்வில், மாலை நான்கரைக்கு எழுதப்பட்டிருந்ததைக் கண்டிருக்கிறேன். அத்துடன் 2024 யூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழல்வடிவமைப்பு ஒழுங்குவிதி, பொருட்களுக்கு டிஜிட்டல் கடவுச்சீட்டை, அதாவது ஒரு பொருளைப் பற்றிய விவரங்களைத் தாங்கும் மின்பதிவை, கொண்டுவருகிறது. ஆடைகள் அதன் முன்னுரிமைப் பட்டியலில் உள்ளன. உங்களுக்கு வேலை தரும் நிறுவனம் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்வதாயின், எந்தத் துணிச்சுருளிலிருந்து எந்தக் கட்டு (தைப்பதற்காக ஒன்றாகக் கட்டிய வெட்டுத் துண்டுகள்) வெட்டப்பட்டது என்று நாளை உங்களிடமும் கேட்கக்கூடும். ஆகவே உணரிக்கு முன், ஒவ்வொரு கட்டோடும் போகும் சீட்டில் ஒரு கியூஆர் குறியீட்டை அச்சிட்டுப் பழகுங்கள். அதற்கு ஒரு கணினியும் சிறிய அச்சுப்பொறியும் போதும்.

மறுமொழி 3:
தைக்கும் பிள்ளைகளைப் பற்றி இருவருமே எழுதவில்லை. நான் மேற்பார்வையாளராக இருந்த ஆலையில் வேலை தடைப்பட்டால் சிவப்பாக எரியும் விளக்கை இயந்திரங்களின் மேல் பொருத்தினார்கள். நூல் அறுந்தாலும், மெக்கானிக் வரப் பிந்தினாலும், சிவப்பு விளக்கு என்னவோ தைப்பவரின் தலைக்கு மேல்தான் எரிந்தது. மூன்றாம் வாரமே சிலர் கடினமான வேலைகளை வாங்க மறுத்தார்கள். பிறகு அந்த விளக்கு மெக்கானிக்கை அழைப்பதற்கு மட்டுமே என்று மாற்றிய பின்னர்தான், அவர்களே அதைக் கேட்டு வாங்கினார்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இன்று காலை கொலர் இயந்திரத்தருகே நின்று பார்த்தேன். ஒரு சட்டைக்கு 81 விநாடி செல்கிறது. அதில் ஏறத்தாழ 20 விநாடி, தைப்பதில் அல்ல, கட்டை அவிழ்த்து அளவு சரிபார்ப்பதில் போகிறது. விற்பனையாளருக்குத் தைப்பொங்கலுக்குப் பின் வருமாறு சொல்லிவிட்டேன்.