மறு: ‘எக்ஸிட் போல்’ என்பதற்கு ‘வாசல் கேட்பு’ சரியா?

அனைவருக்கும் வணக்கம்.

ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வருகிறவரிடம் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டுச் செய்யும் ஆய்வு எக்ஸிட் போல். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று, பள்ளிப் பாடம் எழுதும் காரைக்கால் அம்மா இந்த இழையில் கேட்டு நாலு நாள் ஆகிறது. அதற்குள் ஏழு சொற்கள் வந்துவிட்டன. நான் சொன்ன ‘வாசல் கேட்பு’க்கு மூன்று பேர் மறுப்பு எழுதியிருக்கிறீர்கள். மூன்றுமே யோசிக்க வைத்தன. பதில் எழுதுமுன் அந்தச் சொல் எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லிவிடுகிறேன். அது அகராதியில் தேடி எடுத்ததில்லை.

படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், புதுச்சேரி சட்டமன்றத் தேர்தல் ஒன்றில் ஓர் ஆய்வு நிறுவனத்துக்காக ஒருநாள் சம்பளத்துக்குப் போனேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் முதல் பேருந்தைப் பிடித்தேன். முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே வாக்குப்பதிவு தொடங்கும்போது நிற்க வேண்டும். வாக்குச்சாவடிக்கு 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது என்பது சட்டம். நாங்கள் ஓட்டுக் கேட்கப் போகவில்லை, ஆனாலும் அந்தக் கோட்டுக்கு வெளியேதான் நிற்கச் சொன்னார்கள். கையில் ஓர் அட்டை, அதில் செருகிய படிவங்கள், சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டு, பூட்டுப் போட்ட சின்னப் பெட்டி. வெளியே வருகிறவர் சீட்டில் குறித்து அவரே மடித்துப் பெட்டியில் போட்டுவிடலாம், எங்களிடம் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

முந்தின நாள் பயிற்சியில் சொன்ன விதி எனக்கு இன்னும் மனப்பாடம். வருகிறவர்களில் ஒவ்வொரு பத்தாவது ஆளை நிறுத்த வேண்டும். அவர் மறுத்தால் பக்கத்தில் இருப்பவரைப் பிடிக்கக் கூடாது. மறுத்தவர் ஆணா பெண்ணா, வயது எவ்வளவு இருக்கும் என்று பார்வைக்குத் தெரிந்ததை மட்டும் குறித்துக்கொண்டு, மறுபடி பத்து எண்ண வேண்டும்.

காலை பத்து மணி வரை அப்படியே செய்தேன். அப்புறம் கூட்டம் வந்தது. பத்தாவதாக வந்த பாட்டியிடம் கேட்டால் கூட வந்த மகன் பதில் சொல்கிறார். “நீ எந்தக் கட்சி ஆளு?” என்று இருவர் சட்டையைப் பிடிக்காத குறை. “சாமிகிட்டகூட சொல்ல மாட்டேன் தம்பி” என்றார் ஓர் அக்கா. படிவங்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று மேற்பார்வையாளர் போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். மதியத்துக்கு மேல் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். சிரித்த முகமாக வந்தவர்களை மட்டும் நிறுத்தினேன். என்னோடு வந்தவர்களில் சிலர் டீக்கடையில் உட்கார்ந்து தாங்களே படிவத்தை நிரப்பினார்கள். சில நாள் கழித்து அந்த நிறுவனத்தின் எண்கள் தொலைக்காட்சியில் ‘கருத்துக் கணிப்பு’ என்ற பெயரில் ஓடின.

அன்று நான் எதையும் கணிக்கவில்லை. யாருடைய கருத்தையும் கேட்கவும் இல்லை. ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவரிடம் யாருக்குப் போட்டீர்கள் என்று வாசலில் நின்று கேட்டேன். போட்டு முடித்த ஓட்டு என்பது நடந்துவிட்ட செயல். அதைக் கருத்து என்றும் கணிப்பு என்றும் சொல்வது இரண்டு பிழையை ஒரே பெயரில் ஒட்டுவதாகும்.

சரி, இப்போது மறுப்புகள்.

> நாளிதழ்கள் ‘வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக் கணிப்பு’ என்று பல ஆண்டுகளாக எழுதுகின்றன. மக்களுக்குப் பழகிய தொடரை எதற்கு மாற்ற வேண்டும்?

நீளம் ஒரு குறைதான், ஆனால் அதற்காக நான் மாற்றச் சொல்லவில்லை. அந்தத் தொடர் வேறொரு பொருளுக்கு உரியது. டெல்லியில் உள்ள சிஎஸ்டிஎஸ் ஆய்வு மையத்தின் லோக்நீதி பிரிவு பல தேர்தல்களில் ஓர் ஆய்வு செய்கிறது. வாக்காளர் பட்டியலிலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் பெயர்களை எடுத்து, வாக்குப்பதிவு முடிந்த பிறகு, எண்ணிக்கைக்கு முன்னால், அந்தப் பெயருக்குரியவரின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து கேட்கிறார்கள். விலைவாசி, வேலை, யார் பேச்சைக் கேட்டு முடிவு செய்தீர்கள் என்று பல கேள்விகள் உண்டு. அதுதான் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய ஆய்வு. வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் முடிப்பது வேறு. வீட்டுக்குப் போகிறவர், இன்னார் வீட்டில் இல்லை என்றால் திரும்ப ஒருமுறை போகலாம். வாசலில் நிற்பவர் கைநழுவ விட்டவரை மறுபடி பார்க்கவே முடியாது. காலை வருகிற கூட்டமும் மாலை வருகிற கூட்டமும் ஒன்றல்ல என்ற சிக்கலும் வாசலுக்கே உரியது. சிப்காட்டில் வேலை முடித்துக் கடைசி ஒரு மணி நேரத்தில் ஓடிவருகிறவர்கள், நாலு மணிக்கே படிவம் முடிந்து கிளம்பிவிட்ட ஆளின் கணக்கில் வரவே மாட்டார்கள்.

இரண்டும் இன்று தமிழில் ஒரே பெயரில் ஓடுகின்றன. ஆகவே பழகிய தொடரை வீட்டு ஆய்வுக்கே விட்டுவிடுவோம். பெயர் இல்லாமல் நிற்பது வாசல்தான்.

> 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 126அ பிரிவு, எக்ஸிட் போலை ‘வாக்காளர்கள் எப்படி வாக்களித்தார்கள் என்பது பற்றிய கருத்தாய்வு’ என்கிற அளவில்தான் வரையறுக்கிறது. வாசல் என்ற பேச்சே இல்லை. உங்கள் சொல்லை வைத்தால், வீட்டுக்குப் போய்க் கேட்டதை வெளியிடலாம் என்று ஒருவர் வாதாட இடம் கொடுத்துவிடுவீர்கள்.

வழக்கறிஞர் ஐயா, இதை நான் யோசிக்கவே இல்லை, நன்றி. தேர்தல் ஆணையம் குறிக்கும் நேரம் முடிவதற்குள் இத்தகைய ஆய்வை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிற பிரிவு அது. சட்டத்தின் கவலை வெளியிடுவதைப் பற்றியது, எங்கே நின்று கேட்டார்கள் என்பதைப் பற்றியது இல்லை. எனவே சட்ட மொழிபெயர்ப்பில் ‘வாக்களித்தோர் ஆய்வு’ என்று பொதுவாக ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, வாசல் கேட்பு, வீட்டு ஆய்வு இரண்டையும் அதற்குள் அடக்கலாம். செய்தி எழுதுகிறவருக்கும் பாடம் எழுதுகிறவருக்கும் முறை தெரிய வேண்டும், அவர்களுக்கு வாசல் கேட்பு. இதை ஏற்றுக்கொள்வீர்களா என்று எழுதுங்கள்.

அடுத்தது, வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஐயாவின் மறுப்பு. ‘கேட்பு’ என்றால் வங்கியில் கேட்பு வரைவோலை, அரசு அலுவலகத்தில் வரி கேட்பு, எல்லாமே தரச் சொல்லிக் கேட்பது என்கிறார். உண்மைதான். கடலூர்க்காரனாக நான் இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன். இங்கே தொழிற்சாலை விரிவாக்கம் என்றால் உடனே நினைவுக்கு வருவது ‘கருத்துக் கேட்புக் கூட்டம்’. ‘கருத்துக் கேட்பு’ என்று மட்டும் வைத்தால் ஜனங்கள் ஆட்சியர் தலைமையில் பந்தல் போட்ட கூட்டத்தைத்தான் நினைப்பார்கள். அதனால்தான் முன்னால் வாசலை வைத்தேன். வாசலில் நின்று வரி கேட்பதோ பந்தல் போடுவதோ இல்லை. ‘வாசல் வினவல்’ என்று அம்மா சொன்னது காதுக்கு இனிமையாக இருக்கிறது, ஆனால் அன்று வாசலில் யாரும் யாரையும் வினவவில்லை. கேட்டோம். தெருவில் புழங்கும் வினைச்சொல் கைக்கு எட்டும்போது அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

‘வாயில் கேட்பு’ என்று வைத்தால் இன்னும் தமிழாக இருக்கும் என்று இருவர் எழுதினீர்கள். வாயில், வாசல் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ‘வாயில் கேட்பு’ என்று தலைப்பில் பார்க்கிறவர் வாய்க்குள் கேட்பதாகப் படித்துவிடுவார்.

‘வாயில் வாக்கெடுப்பு’ என்ற யோசனையை நான் முழுமூச்சாக மறுக்கிறேன். வாக்கெடுப்பு என்றால் அதன் முடிவு கட்டுப்படுத்தும். புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தார்கள். அது வாக்கெடுப்பு. ஒரு நிறுவனத்தின் ஆள் பெட்டியோடு நிற்பதற்கு அந்தச் சொல்லைக் கொடுக்கக் கூடாது.

முத்தியால்பேட்டை ஐயா பிரெஞ்சிலிருந்து காட்டியது எனக்குப் பெரிய உதவி. ‘வாக்குப் பெட்டியை விட்டு வெளியே வரும்போது’ என்ற பொருளில்தான் அங்கேயும் சொல்கிறார்களாம். ஆங்கிலத்தில் ‘வெளியேறுதல்’, பிரெஞ்சில் ‘பெட்டியை விட்டு வெளிவருதல்’, இரண்டும் ஓட்டுப் போட்டவரின் நடையைப் பார்த்து வைத்த பெயர். நம் சொல் கேட்கிறவர் நிற்கும் இடத்தைப் பார்த்து வைத்தது. 1967இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநில ஆளுநர் தேர்தலில் சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக வாரன் மிட்டாஃப்ஸ்கி இந்த முறையைச் செய்து பார்த்தபோதும் ஆட்கள் வாக்குச்சாவடி வாசலில்தான் நின்றார்கள். பொருள் மாறவில்லை.

ஐயா எழுதிய இன்னொரு விஷயம் இந்த இழையில் எல்லாரும் படிக்க வேண்டியது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பங்கள், அங்கே அதிபர் தேர்தல் நடக்கும் ஞாயிறு இரவு தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பார்கள். பாரிசில் 8 மணி, நமக்கு 11.30. அந்த நொடியில் திரையில் வருகிற எண்ணை நம் ஊர்ச் செய்தியில் எக்ஸிட் போல் என்றே எழுதுகிறார்கள். ஆனால் அது வாசலில் கேட்ட எண் இல்லை. பெரிய நகரங்களுக்கு முன்பே மூடிவிடும் வாக்குச்சாவடிகள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே எண்ணப்படும் உண்மையான வாக்குச்சீட்டுகளை வைத்து மதிப்பிட்ட எண் அது. அதற்கு ‘முன்னெண்ணிக்கை மதிப்பீடு’ போல ஒரு சொல் வேண்டும். வாசல் கேட்பு என்ற சொல் கையில் இருந்தால், பாரிஸ் எண்ணைப் பார்த்து “இதில் வாசல் எங்கே?” என்று மொழிபெயர்ப்பவர் நின்று யோசிப்பார். எனக்கு இந்தச் சொல் மேல் இவ்வளவு பிடிவாதம் வந்ததே அங்கேதான்.

கணிப்பு என்ற சொல்லைத் தூக்கி எறியச் சொல்கிறேனா என்று கேட்டீர்கள். இல்லை, அதற்கு ஓர் இடம் இருக்கிறது. சாதகம் கணிக்கிறோம், வானிலை கணிக்கிறோம், இனி வரப்போவதைச் சொல்வதற்கு அது. வாசலில் கேட்டதிலிருந்து எந்தக் கட்சிக்கு எத்தனை விழுக்காடு என்று போடுவது வாக்கு மதிப்பீடு. அந்த விழுக்காட்டிலிருந்து எத்தனை இடம் என்று சொல்வதுதான் கணிப்பு. ‘இடக் கணிப்பு’ என்று தெளிவாகவே எழுதலாம்.

இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பள்ளம் என்பதைப் புதுச்சேரியை வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். 30 தொகுதிகள். புதுச்சேரிப் பகுதியில் 23, காரைக்காலில் 5, மாஹே ஒன்று, ஏனாம் ஒன்று. மொத்தம் 1,000 பேரிடம் ஒழுங்காகக் கேட்டால், ஒரு கட்சியின் வாக்கு விழுக்காட்டில் ஏறக்குறைய 3 புள்ளி முன்பின் இருக்கலாம் என்பது கணக்கு. இந்த 3 என்பது நாட்டின் அளவைப் பொறுத்ததில்லை. இந்தியா முழுவதற்கும் 1,000 பேர் என்றாலும் இதே 3தான், முப்பதாயிரம் சொச்சம் வாக்காளர் உள்ள ஒரு புதுச்சேரித் தொகுதிக்கு 1,000 பேர் என்றாலும் கிட்டத்தட்ட இதே 3தான். ஆக, சின்ன ஊர், கொஞ்சம் பேர் போதும் என்று நினைப்பது தவறு. அந்த 1,000 பேரை 30 தொகுதிக்குப் பிரித்தால் தொகுதிக்கு 33 பேர். அங்கே முன்பின் 17 புள்ளி ஆகிவிடும். சில நூறு வாக்கில் வெற்றி முடிவாகும் ஊரில் 17 புள்ளி! மாஹேயில் மலையாளத்திலும் ஏனாமில் தெலுங்கிலும் கேட்க வேண்டும், அங்கே போட்டியிடுகிற ஆளும் பேச்சும் வேறு. புதுச்சேரியில் ஒரு கட்சி மேல் காற்று அடித்தால் ஏனாமிலும் அதே அளவு அடிக்கும் என்று வைத்துக்கொண்டுதான் நிறுவனங்கள் இடம் சொல்கின்றன. வாசலில் நின்றவன் கேட்டது ஒன்று, அலுவலகத்தில் கணித்தது ஒன்று.

2024 மக்களவைத் தேர்தலில் ஜூன் 1 மாலை வந்த எக்ஸிட் போல்களில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் கொடுத்தன. 4ஆம் தேதி எண்ணியபோது 293. மறுநாள் பலரும் கருத்துக் கணிப்பு பொய்த்தது என்றார்கள். பொய்த்தது என்பது மழைக்கும் சோதிடத்துக்கும் சொல்கிற சொல். தவறியது எது? வாசலில் கேட்ட விதமா, மறுத்தவர்களைக் கணக்கில் எடுத்த விதமா, வாக்கை இடமாக மாற்றிய விதமா? எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் இருக்கும் வரை தமிழில் இந்தக் கேள்வியைப் பிரித்துக் கேட்கவே முடியாது. காரைக்கால் அம்மா பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எழுதுகிறார் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எழுத்து முறை பற்றி ஒன்று. வாசற்படி, வாசற்கதவு என்று எழுதுகிறோம், அந்த வழியில் ‘வாசற்கேட்பு’ என்பதே புணர்ச்சிப்படி சரி. ஆனால் தேடுகிறவர் வாசல் என்றுதான் தட்டுவார். நம் சொல் தொகுப்பில் ‘வாசல் கேட்பு’ என்று பிரித்தே ஏற்றிவிட்டு, சேர்த்து எழுதும் வடிவத்தையும் பக்கத்தில் தரலாம் என்பது என் எண்ணம். கேட்கிறவர் ‘கேட்பாளர்’. பதில் சொல்கிறவருக்கு ‘பதிலாளர்’ ஏற்கெனவே இருக்கிறது.

பதில் சொல்ல மறுத்துவிட்டுப் போகிறவர்களால் எண்ணில் விழும் சாய்வுக்கு ஒரு சொல் பாக்கி. ‘மறுத்தோர் சாய்வு’ என்று தொடங்கிவைக்கிறேன், இதைவிட நல்லது இருந்தால் தனி இழையாக எழுதுங்கள். அன்று என் படிவத்தில் மறுத்தவரைக் குறிக்க ஒரு கட்டம் இருந்தது. மதியத்துக்கு மேல் நான் அதில் ஒரு கோடுகூடப் போடவில்லை.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து