ஆசிரியர் பட்டம்: கடனும் சம்பளமும் – அனுபவப் பகிர்வு

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாய்

வணக்கம். இங்கே மலேசியாவில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துள்ள என் மகள் தமிழாசிரியர் ஆவதில் உறுதியாக இருக்கிறாள். ஆசிரியர் கல்விக் கழகத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இடம் கிடைக்காவிட்டால் எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவம்) படித்துப் பல்கலைக்கழகம் வழியாகப் போவதாகச் சொல்கிறாள். என் கணவர் லாரி ஓட்டுகிறார். இரண்டாவது வழியென்றால் பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் எடுத்தாக வேண்டும். ஆசிரியர் சம்பளத்தில் அந்தக் கடனைக் கட்டிய அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஓர் இடைநிலைப்பள்ளி ஆசிரியர்

வணக்கம் அம்மா. நான் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் பி.டி.பி.டி.என். கடனில் படித்தவன், 2024-ஆம் ஆண்டுக்கு முன்பே பணியில் சேர்ந்தேன். கடனைப் பற்றி வீட்டில் அஞ்சிய அளவுக்கு அது என்னை வாட்டவில்லை. ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா (வட்டிக்குப் பதிலான சேவைக் கட்டணம்) என்பது வங்கிக் கடனோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. நான்காண்டுகளில் எடுத்த தொகை ஏறக்குறைய 26,000 ரிங்கிட். மாதத் தவணை 200 ரிங்கிட்டைச் சற்றே தாண்டியது. அன்று பட்டதாரி ஆசிரியர்களுக்கான டிஜி41 நிலையில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 2,188 ரிங்கிட். அதில் இ.பி.எப். (ஊழியர் சேமநிதி) 11 விழுக்காடும் தவணையும் போக எஞ்சியதைக் கொண்டு, படிகளும் சேர்ந்ததால், கோலாலம்பூரில் ஓர் அறை எடுத்துத் தங்கிப் பெற்றோருக்கும் கொஞ்சம் அனுப்ப முடிந்தது. தாராளம் என்று சொல்லமாட்டேன், ஆனால் மூச்சு முட்டவில்லை.

என்னை உண்மையாகவே வருத்தியது பட்டம் பெற்ற நாளுக்கும் பணி நியமனக் கடிதம் வந்த நாளுக்கும் இடையிலான காலம்தான். கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத் தேர்வு, அதன் முடிவு, பிறகு பள்ளி ஒதுக்கீடு என்று ஓராண்டுக்கும் மேல் கழிந்தது. அந்தக் காலத்தில் செந்தூலில் ஒரு டியூஷன் மையத்தில் மணிக்கணக்கில் பாடம் நடத்தி, கிடைத்ததை வைத்து நாள்களை ஓட்டினேன். படிப்பு முடிந்து 12 மாதங்கள் ஆனதும் கடன் கட்டத் தொடங்க வேண்டும். நிரந்தர வேலை வந்ததா இல்லையா என்று தவணை விசாரிக்காது. கணக்கைப் பாருங்கள்: ஓராண்டுக் காத்திருப்பில் கைநழுவிய அடிப்படைச் சம்பளம் மட்டும் 26,256 ரிங்கிட். அதாவது என் மொத்தக் கடனுக்கு ஈடான தொகை. குடும்பங்கள் கடனை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு இந்த இழப்பை விட்டுவிடுவது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது.

காத்திருப்பு எவ்வளவு நீளும் என்பதற்குப் பாடத் தேர்வும் ஒரு காரணம். இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு நடக்க, 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் அதைக் கேட்க வேண்டும். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் தேவையும் குறையும். ஆகவே தமிழுடன் வேறொரு பாடத்தையும் கற்பிக்கத் தகுதி பெறும் திட்டம் அமைந்தால், மகளுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை

நான் துவாங்கு பைனூன் ஆசிரியர் கல்விக் கழக வளாகத்தில் படித்தவள். அங்கே கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 430 ரிங்கிட் உதவித்தொகையும் வந்தது. ஆயத்தக் கல்வியும் பட்டப்படிப்பும் சேர்த்து ஐந்தாண்டுகள். முடித்தபோது என் பெயரில் கடன் ஒரு காசும் இல்லை.

ஆனால் கையெழுத்திடும் பிணை ஒப்பந்தத்தைப் பெற்றோர் நிதானமாகப் படிக்க வேண்டும். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி குடும்பச் சூழலால் இடையில் விலகியபோது, திருப்பிச் செலுத்த வேண்டிய தொகைக்கான கடிதம் வீட்டுக்கு வந்தது. கடன் இல்லாப் படிப்பு என்று எண்ணியிருந்த அவள் தந்தை அதைப் பிணையாளராகச் சுமக்க நேர்ந்தது. எனக்கு முதல் நியமனம் சரவாக்கில். தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் ஊர் வந்து போன விமானச் செலவைக் கூட்டிப் பார்த்தால், ஒரு கடன் தவணைக்குக் குறைவில்லை என்று என் அப்பா சிரிப்பார். இருந்தும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்வதென்றால் நான் மீண்டும் இதையே தேர்வேன்.

ஈப்போ சாலையிலிருந்து ஒரு தனியார் பாலர் பள்ளி ஆசிரியை

தனியார் கல்லூரி வழியைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கட்டணம் அதிகம், அதனால் கடனும் அதிகம். பிறகு கிடைத்த வேலையோ பிப்ரவரி 2025 முதல் நடப்பில் உள்ள குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை ஒட்டியே நிற்கிறது. அரசுப் பணிக்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்று காத்திருப்பவர்களுள் நானும் ஒருத்தி. இந்த வழியை எடுப்பதற்கு முன் பத்து முறை யோசியுங்கள், அக்கா.

பட்டர்வொர்த் தாய்

மிக்க நன்றி. இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை என்கிறார்களே, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா, சார்?

பிரிக்ஃபீல்ட்ஸ் ஆசிரியர்

சேர்க்கத்தான் வேண்டும், அம்மா. பிப்ரவரி 2024 முதல் அரசுப் பணியில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் இல்லை; இ.பி.எப். சேமிப்புதான். அதே வேளையில் டிசம்பர் 2024-இல் 8 விழுக்காடு, ஜனவரி 2026-இல் 7 விழுக்காடு எனச் சம்பளம் இரண்டு கட்டமாக உயர்த்தப்பட்டதால், நான் தொடங்கிய நிலையைவிட உங்கள் மகள் சற்று மேலான இடத்தில் தொடங்குவாள். பல்கலைக்கழக வழி என்று முடிவானால், பி.டி.பி.டி.என். கடனுக்கு விண்ணப்பிக்க எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு தேவை. அதை இப்போதே திறந்து, முடிந்ததை மாதந்தோறும் போட்டு வாருங்கள். பட்டம் பெற்றபின் நியமனத்துக்குக் காத்திருக்கும் மாதங்களில் தவணை கட்ட அந்தப் பணம் கைகொடுக்கும்.