அண்ணன் வெளியேறினார்

குழு: மூர்த்தி அண்ட் கோ

அண்ணன் வெளியேறினார்
மூர்த்தி பெரியப்பா இப்போது அட்மின்

சுதா அத்தை: என்னது இது
சுதா அத்தை: தினா வெளியேறினார்னு வருது
கோகுல்: எனக்கும் வந்துச்சு
சுதா அத்தை: யாரு அவனை எடுத்தது??
பாலு மாமா: எடுத்தா நீக்கினார்னு வரும்க்கா. இது வெளியேறினார்
சுதா அத்தை: அது எப்படி பாலு. அவன் எப்படி
சுதா அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது
மூர்த்தி பெரியப்பா: இனிய காலை வணக்கம் 🌹🌹 நல்லதே நினைப்போம்
சுதா அத்தை: அண்ணா மேல போய்ப் பாருங்க
பாலு மாமா: அவன் வெளியேறின நிமிஷமே மூர்த்தி சார் அட்மின். நான் எதுவும் சொல்லல
மூர்த்தி பெரியப்பா: நான் எதையும் தொடல. என் பேரு ஏன் அதுல வருது

விஜி அக்கா: யாரும் யாரையும் எடுக்கல. சண்டை போடாம இதைப் படிங்க. வாட்ஸ்அப்ல ஒரு அக்கவுண்ட் 120 நாள் நெட் பக்கமே வரலைன்னா அவங்களே அதை மூடிடுவாங்க. மூடினதும் எல்லா குழுவுலயும் வெளியேறினார்னு காட்டும். இந்தக் குழுவுக்கு தினா ஒருத்தன்தான் அட்மின். அட்மின் இல்லாம குழு நடக்காதுன்னு மிச்சம் இருக்கறவங்கள்ல ஒருத்தரை அதுவே பிடிச்சுப் போட்டுடும். அது எங்க அப்பாவா அமைஞ்சது நம்ம தலையெழுத்து. அவன் போட்ட மெசேஜ், வாய்ஸ் நோட்டு எதுவும் போகல, அவங்கவங்க போன்ல அப்படியே இருக்கும். எல்லாரும் பேக்கப் எடுத்து வைங்க.

சுதா அத்தை: பேக்கப் எப்படி
கோகுல்: நான் வந்து எடுத்துத் தரேன்
அம்மா: நான் மாசாமாசம் அவன் நம்பருக்கு ரீசார்ஜ் பண்றேனே விஜி
விஜி அக்கா: அதனாலதான் சித்தி நம்பர் வேற யாருக்கும் போகாம இருக்கு. அதை விடாதீங்க. இதுக்கு போன் ஆன்ல இருந்து நெட் ஓடணும்
அம்மா: போன் பீரோல இருக்கு. லாக் யாருக்கும் தெரியல
அப்பா: 👍
சுதா அத்தை: இதுக்கு எதுக்குண்ணா கட்டைவிரல்
பாலு மாமா: அத்தானுக்கு அந்த ஒரு பட்டன்தான் தெரியும்
மூர்த்தி பெரியப்பா: அட்மின்னா நான் குழு பேரை மாத்தலாமா
பாலு மாமா: ஆரம்பிச்சாச்சு
சுதா அத்தை: அண்ணா அது அவன் வச்ச பேரு. கிண்டலுக்கு வச்சாலும் அவன் வச்சது
மூர்த்தி பெரியப்பா: கேட்டேன் அவ்வளவுதான்
கோகுல்: நீங்க கோச்சுக்கிட்டு வெளிய போறப்பலாம் திரும்பச் சேத்து விட்டது அவன்தான் பெரியப்பா 😄
மூர்த்தி பெரியப்பா: தெரியும்

கோகுல்: அது இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை மேட்ச். பேனருக்கு மச்சான் போட்டோ இன்னைக்கே குடுக்கணும்
கோகுல்: 📷 படம்
சுதா அத்தை: தாடி வேணாம்
பாலு மாமா: தாடிதான் அவன்
மூர்த்தி பெரியப்பா: பாஸ்போர்ட் சைஸ் இருக்குமே. நேரா பாத்த மாதிரி
பாலு மாமா: அதுல தேடப்படும் குற்றவாளி மாதிரி இருக்கேன்னு அவனே சொல்வான் சார்
அம்மா: இந்தப் படத்துல காலர் ஒரு பக்கம் உள்ள மடங்கியிருக்கு
கோகுல்: சரி பண்ணச் சொல்றேன் அத்தை
அம்மா: வேணாம். அவன் அப்படித்தான் போடுவான்
நீங்கள்: கிளவுஸோட நிக்கற படம் ஒண்ணு இருக்கு. தேடறேன்
பாலு மாமா: பந்து உள்ள போனப்புறம் பாயற கோல்கீப்பர் 😂
கோகுல்: ஆனா பாயுவான் மாமா. அதைச் சொல்லணும்

சுதா அத்தை: பத்தாவது படிக்கறப்போ ஓட்டப்பந்தயத்துல மயங்கி விழுந்தானே. நினைவிருக்கா யாருக்காவது
சுதா அத்தை: அப்பவே ஒரு நல்ல டாக்டர்ட்ட காட்டலாம்னு நான் சொன்னேன். வெறும் வயித்துல ஓடினான், அதான்னு சொன்னது யாரு
மூர்த்தி பெரியப்பா: என்னைத்தானே சொல்ற
சுதா அத்தை: நான் பேர் சொல்லல
மூர்த்தி பெரியப்பா: சொல்லாமலே புரியுது
விஜி அக்கா: அத்தை, இப்ப வேணாம்

மூர்த்தி பெரியப்பா குழுவின் அமைப்பை மாற்றினார்: அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்பலாம்

மூர்த்தி பெரியப்பா: ஏன் யாரும் பேசல
மூர்த்தி பெரியப்பா: சுதா
மூர்த்தி பெரியப்பா: ஹலோ. எல்லாரும் என்மேல கோவமா

மூர்த்தி பெரியப்பா குழுவின் அமைப்பை மாற்றினார்: எல்லோரும் செய்தி அனுப்பலாம்

விஜி அக்கா: அப்பா இனிமே அந்த செட்டிங்ஸ் பக்கமே போகாதீங்க
பாலு மாமா: அவசரநிலைப் பிரகடனம் வாபஸ் 🙏
மூர்த்தி பெரியப்பா: (பலமுறை பகிரப்பட்டது) இளைஞர்களே உஷார்!! கொரோனா ஊசி போட்டவர்களுக்கு திடீர் மரணம்! உண்மையை மறைக்கிறார்கள்!! 10 பேருக்கு அனுப்பவும்
விஜி அக்கா: அப்பாஆஆ

விஜி அக்கா: இதை ஐ.சி.எம்.ஆர்., அதான் மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு, ஆராய்ச்சியே பண்ணி 2023ல வெளியிட்டாச்சு. 47 மருத்துவமனை, 18லேர்ந்து 45 வயசுக்குள்ள காரணம் தெரியாம திடீர்னு இறந்த 729 பேர். அவங்களை உயிரோட இருக்கறவங்களோட ஒப்பிட்டுப் பாத்தாங்க. ஊசியால ஆபத்து கூடல. ரெண்டு டோஸ் போட்டவங்களுக்குக் குறைஞ்சுதான் இருந்தது. கூட்டினது எதெதுன்னா, கொரோனாவுக்கு ஆஸ்பத்திரியில படுத்தது, சாகறதுக்கு 2 நாளுக்குள்ள அளவுமீறிக் குடிச்சது, உடம்பை ரொம்ப வருத்தினது, அப்புறம் குடும்பத்துல ஏற்கெனவே யாராவது திடீர்னு இறந்திருக்கறது. கடைசியைப் பாருங்க. நம்ம வீட்டுக் கதை அதுலதான் இருக்கு. அதுவும் தினாவுக்குக் காரணம் தெரியாமலும் இல்ல, போஸ்ட்மார்ட்டத்துலயே எழுதியிருக்கு, இதயத்தசை தடிப்பு.

கோகுல்: மார்க்-விவியன் ஃபோவுக்கு வந்ததும் இதேதானே அக்கா? கேமரூன் ஃபுட்பால் பிளேயர். 2003ல செமி ஃபைனல்ல கிரவுண்ட்லயே. 28 வயசு
விஜி அக்கா: அதேதான்
கோகுல்: மச்சான்தான் அவரைப் பத்தி எனக்குச் சொன்னான்
கோகுல்: 2021ல எரிக்சன் விழுந்தாரே, டென்மார்க் ஃபின்லாந்து மேட்ச். நானும் அவனும் சேந்துதான் பாத்தோம். அவரு பொழைச்சு திரும்ப வந்து ஆடினாரு
சுதா அத்தை: அவருக்கு மட்டும் எப்படி
விஜி அக்கா: விழுந்த உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பிச்சுட்டாங்க. ஷாக் குடுக்கற மெஷினும் அங்கேயே இருந்தது. நெஞ்சை அழுத்தாம விட்டா, அந்த மெஷின் வர்ற ஒவ்வொரு நிமிஷத் தாமதத்துக்கும் பொழைக்கற வாய்ப்பு 7லேர்ந்து 10 சதவீதம் வரைக்கும் குறையும்
சுதா அத்தை: விஜி. அண்ணி இதுல இருக்காங்க
அம்மா: சொல்லட்டும்
கோகுல்: ஞாயித்துக்கிழமை மேட்ச்சுக்கு முன்னாடி ஒருத்தரைக் கூப்பிட்டு சி.பி.ஆர். கத்துக்கலாமான்னு பசங்க கேக்கறாங்க
விஜி அக்கா: நானே வரேன். நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை, நெஞ்சு 5 சென்டிமீட்டராவது அமுங்கணும். சொன்னா வராது, பொம்மையில அழுத்திப் பழகணும். பொம்மை கேட்டு வாங்கிட்டு வரேன்
பாலு மாமா: மேட்ச் எத்தனை மணிக்கு
கோகுல்: கிரவுண்ட் இன்னும் உறுதியாகல

விஜி அக்கா: ரவி, வியாழக்கிழமை எக்கோ, அந்த இதய ஸ்கேன். மறக்கல இல்ல?
நீங்கள்: வியாழன் ஆபீஸ்ல ரிலீஸ் இருக்குக்கா
விஜி அக்கா: போன தடவை என்ன இருந்தது
நீங்கள்: நான் நல்லாத்தான் இருக்கேன்
விஜி அக்கா: அவனும் நல்லாத்தான்டா இருந்தான்

விஜி அக்கா: திரும்பச் சொல்றேன், திட்டாதீங்க. இந்த இதயத்தசை தடிப்பு பெரும்பாலும் பரம்பரையா வர்றது. அப்பா அம்மால ஒருத்தர்ட்ட அந்த மரபணு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 500 பேர்ல ஒருத்தருக்கு இருக்கலாம்ங்கறாங்க. பல பேர் தெரியாமலே கெழவனாகற வரைக்கும் நல்லா இருப்பாங்க. அதனால இருந்தாலே முடிஞ்சதுன்னு இல்ல. மருந்து இருக்கு, ஆபத்து ஜாஸ்தின்னா உள்ள வைக்கற கருவி இருக்கு. ஆனா இருக்கா இல்லையான்னு தெரியணும். சித்தப்பா, சித்தி, ரவி மூணு பேருக்கும் ஈ.சி.ஜி.யும் எக்கோவும். இப்ப நார்மல்னு வந்தாலும் 3லேர்ந்து 5 வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பப் பாக்கணும். ரவி, அதுவரைக்கும் நீ ஞாயித்துக்கிழமை ஆட வேணாம்.

நீங்கள்: கோல் போஸ்ட்ல சும்மா நிக்கறேன்
விஜி அக்கா: கூடாது
கோகுல்: ஸ்கோர் எழுது மச்சி
மூர்த்தி பெரியப்பா: எனக்கும் எடுக்கணுமா
விஜி அக்கா: முதல்ல அவங்க மூணு பேர். அப்புறம் பாக்கலாம்ப்பா
அம்மா: நானும் அப்பாவும் போறோம். ரவியைக் கட்டாயப்படுத்தாதீங்க
விஜி அக்கா: சித்தி அவன்தான் முக்கியம்
அம்மா: அவனுக்கும் இருக்குன்னு சொல்லிட்டா நான் என்ன பண்றது
சுதா அத்தை: அண்ணி போனை எடுங்க. கூப்பிடறேன்
அப்பா: மூணு பேரும் போறோம்.
பாலு மாமா: அத்தான் டைப் பண்ணிட்டாரு
சுதா அத்தை: பாலு வாயை மூடு
மூர்த்தி பெரியப்பா: வெறும் வயித்துல போகணுமா
விஜி அக்கா: எக்கோவுக்கு வேணாம். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் ஜெராக்ஸ் மட்டும் எடுத்துட்டு வாங்க. சித்தப்பா, உங்ககிட்டதானே இருக்கு?
அப்பா: 👍
கோகுல்: கார் யாரு எடுக்கறது
பாலு மாமா: என் வண்டி சர்வீஸ்ல இருக்கு
மூர்த்தி பெரியப்பா: நான் ஓட்டறேன்
சுதா அத்தை: நீங்க ஓட்ட வேணாம்ணா
கோகுல்: சரி பாத்துக்கலாம்
நீங்கள்: அக்கா, வெள்ளிக்கிழமைக்கு மாத்த முடியுமா
விஜி அக்கா: கேட்டுப் பாக்கறேன். வெள்ளின்னா வெள்ளிதான் ரவி
கோகுல்: போட்டோ யாராவது முடிவு பண்ணுங்கப்பா, பேனர் கடைக்காரர் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாரு