1500 மணி நேரம் நிறைந்தும் லாக்புக் ஏற்கப்படவில்லை: தவறு எங்கே, சம்பளக் கணக்கு எப்படி?

கேள்வி

வணக்கம். அமெரிக்காவில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநராக இருக்கிறேன், வயது 25. சென்ற வாரம் ஒரு வட்டார விமான நிறுவனத்தில் துணை விமானிப் பணிக்கான நேர்காணலுக்குச் சென்றிருந்தேன். மொத்தம் 1,512 மணி நேரம் பறந்த கணக்கு கையில் இருந்ததால், லாக்புக் (பறந்த நேரங்களைப் பதியும் ஏடு) சரிபார்ப்பை வெறும் சடங்கு என்றே எண்ணியிருந்தேன். சரிபார்த்தவர் அரை மணி நேரம் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, இரண்டு இடங்களில் பென்சிலால் வட்டமிட்டு, "இவற்றைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முதல் வட்டம் கிராஸ் கன்ட்ரி நேரத்தின் மேல், அதாவது தொலைவான இடத்துக்குப் பறந்த நேரம். ஏ.டி.பி. எனப்படும் விமான நிறுவன விமானி உரிமத்திற்கு அதில் 500 மணி வேண்டும். என்னிடம் 318 மட்டுமே இருக்கிறது. இரண்டாவது இன்ஸ்ட்ரூமென்ட் நேரம், அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டுமே நம்பிப் பறந்த நேரம். 75 மணி போதும் என்ற இடத்தில் நான் 92 எழுதியிருந்தேன். அதில் 31 மணியை ஏற்க முடியாது என்றார். ஏன் என்று கேட்கும் நிதானம் அப்போது எனக்கு இல்லை.

குறையும் 182 கிராஸ் கன்ட்ரி மணிகளைக் கடன் வாங்கி, வாடகை விமானத்தில் பறந்து நிரப்பலாமா? அந்த நிறுவனம் முதல் ஆண்டில் மணிக்கு 90 டாலர் தருவதாகச் சொல்கிறது. அந்தச் சம்பளத்தில் இப்படிப்பட்ட கடனை அடைத்துவிட முடியுமா?

பதில் 1

தம்பி, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 500 மணி என்பது முழு ஏ.டி.பி. உரிமத்திற்கான நிபந்தனை. மொத்தம் 1,500 மணி வைத்திருப்பவர் 200 மணி கிராஸ் கன்ட்ரியுடன் கட்டுப்படுத்தப்பட்ட ஏ.டி.பி. உரிமத்திற்கு விண்ணப்பிக்கலாம் என்று எஃப்.ஏ.ஏ.வின் (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) விதி 61.160 சொல்கிறது. பலர் இதை ராணுவத்திலிருந்து 750 மணியோடு வருபவர்களுக்கும், விமானப் பட்டப்படிப்பு முடித்து 1,000 மணியோடு வருபவர்களுக்கும் மட்டுமே உரிய சலுகை என்று நினைத்துக்கொள்கிறார்கள். 21 வயது நிரம்பியவர்களுக்கானது என்பதால், முழு உரிமத்திற்கான வயதான 23-ஐத் தாண்டியவர்கள் தமக்குப் பொருந்தாது என்று விட்டுவிடுவதும் உண்டு. 21 என்பது கீழ்வரம்பு மட்டுமே, மேல்வரம்பு கிடையாது.

இந்த உரிமத்தோடு துணை விமானியாகத் தாராளமாகப் பறக்கலாம்; கேப்டனாகத்தான் முடியாது. அப்படியும் இப்போது நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை, ஏனென்றால் கேப்டனாவதற்கு விமான நிறுவனப் பணியிலேயே 1,000 மணி பறந்திருக்க வேண்டும் என்று வேறொரு விதி இருக்கிறது. அந்த 1,000 மணியைப் பறந்து முடிப்பதற்குள் கிராஸ் கன்ட்ரி 500 தானாகவே நிறைந்துவிடும். உங்கள் விண்ணப்பத்தில் எந்த உரிமத்திற்கான கட்டத்தில் குறியிட்டீர்கள் என்று பாருங்கள், முழு ஏ.டி.பி. கட்டமாக இருந்தால் அவர் வட்டமிட்டது முறைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தனியார் விமானி, வணிக விமானி உரிமங்களுக்குப் புறப்பட்ட இடத்திலிருந்து 50 கடல் மைலுக்கு மேல் உள்ள ஓரிடத்தில் தரையிறங்கினால்தான் அந்தப் பயணம் கிராஸ் கன்ட்ரி. ஏ.டி.பி. உரிமத்திற்குத் தரையிறங்க வேண்டிய கட்டாயமில்லை. நேர்கோட்டில் 50 கடல் மைல் தாண்டிச் சென்று திரும்பியிருந்தாலே போதும். மாணவர்களோடு அப்படிப் போய் வந்த பயணங்களைப் பழைய பழக்கத்தில் விட்டிருப்பீர்கள்.

பதில் 2

இன்ஸ்ட்ரூமென்ட் வட்டத்திற்கு நான் பதில் சொல்கிறேன். அந்த 31 மணியும், மாணவர் ஹூட் (வெளியே தெரியாதபடி பார்வையை மறைக்கும் கவசம்) அணிந்து பயிற்சி செய்தபோது நீங்கள் உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டவையாகத்தான் இருக்கும். ஹூட் மாணவரின் கண்ணைத்தான் மறைக்கிறது. நீங்கள் வலது இருக்கையில் அமர்ந்து வெளியே வேறு விமானம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்; வெளியே பார்க்க முடிகிறவருக்கு அது இன்ஸ்ட்ரூமென்ட் நேரமாகாது. உண்மையிலேயே மேகத்துக்குள் சென்று கற்பித்திருந்தால் பயிற்றுநரும் எழுதலாம் என்று எஃப்.ஏ.ஏ. விதி 61.51 அனுமதிக்கிறது. பயிற்றுநர்களின் லாக்புக்கில் இதைவிட அதிகமாகக் காணப்படும் பிழை வேறில்லை. நானே இரண்டாண்டு இப்படித்தான் எழுதினேன்.

அந்தப் பதிவுகளை அழிக்கவோ வெள்ளை பூசவோ வேண்டாம். கட்டத்தின் மேல் ஒற்றைக் கோடிட்டு, அருகில் சரியான எண்ணை எழுதி, கையெழுத்தும் தேதியும் இடுங்கள். மொத்த நேரம் இதனால் குறையாது. அந்த ஒரு நெடுவரிசை மட்டுமே 61 ஆகும். மீதி 14 மணியைச் சிமுலேட்டரில் முடிக்கலாம். பொதுவாக 25 மணி வரை அவ்வகை நேரம் இந்த 75-இல் சேரும். ஆனால் பயிற்றுநர் ஒருவர் உடனிருந்து கையொப்பமிட வேண்டும்; அந்தக் கருவிக்கான எஃப்.ஏ.ஏ. அனுமதிக் கடிதத்தில் ஏ.டி.பி. உரிமத்திற்குச் செல்லும் என்று இருக்கிறதா எனவும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே எவ்வளவு சிமுலேட்டர் நேரத்தை எழுதியிருக்கிறீர்கள்?

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னதேதான்: முழு ஏ.டி.பி. கட்டத்தில்தான் குறியிட்டிருக்கிறேன், 31 மணியும் ஹூட் நேரம்தான். சிமுலேட்டரில் இதுவரை 8 மணி எழுதியிருக்கிறேன். 14 சேர்த்தாலும் 22-தான் ஆகிறது. இதற்கிடையில் வேறொரு சந்தேகமும் எழுந்துவிட்டது. நண்பரும் நானும் வாடகையைப் பகிர்ந்துகொண்டு, ஒருவர் ஹூட் அணிய மற்றவர் வெளியே கவனித்துக்கொள்ளும் சேஃப்டி பைலட்டாக அமர்ந்து சுமார் 40 மணி பறந்தோம். நான் சேஃப்டி பைலட்டாக இருந்த பயணங்களில் 24 மணியைக் கிராஸ் கன்ட்ரியிலும் எழுதியிருக்கிறேன்.

பதில் 2

அந்த 24 மணியை எடுத்துவிடுங்கள். சேஃப்டி பைலட் கிராஸ் கன்ட்ரி நேரம் எழுதக் கூடாது என்பது எஃப்.ஏ.ஏ.வின் விளக்கம். மற்றவர் ஹூட் அணிந்திருந்த நிமிடங்களுக்கு மட்டுமே உங்கள் பங்கு உண்டு. ஓடுபாதைக்கு உருண்டு சென்றதும், ஹூட் இல்லாமல் மேலெழுந்ததும், தரையிறங்கியதும் அவருடைய நேரம். மொத்தத்திலிருந்தும் அவற்றைக் கழிக்க வேண்டும். 1,500-ஐ ஒட்டி நிற்கும் உங்களுக்கு ஒவ்வொரு பயணத்திலும் வரும் அந்தச் சில நிமிடங்கள் சேர்ந்து பெரிய தலைவலியாகிவிடும். நேர்காணலில் அவர் கண்ணில் படுவதற்கு முன் நீங்களே திருத்திக்கொள்வது நல்லது.

பதில் 3

வட்டார நிறுவனமொன்றில் துணை விமானியாக நான்காவது ஆண்டு. சம்பளம் பற்றி யாரும் பேசவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

மணிக்கு 90 டாலர் என்பதை அலுவலக வேலையின் மணிக்கூலியைப் போல வாரத்திற்கு 40 என்று பெருக்கிப் பார்க்காதீர்கள். விமானியின் சம்பள மணி, பெரும்பாலான ஒப்பந்தங்களில், வாயிலில் பிரேக் விடுவிக்கப்படும்போது தொடங்கி, அடுத்த ஊரின் வாயிலில் பிரேக் போடும்போது முடிகிறது. இடையில் விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அதற்கு அந்த விகிதம் கிடையாது. உணவுக்கான சிறு படி மட்டுமே வரும். (இதில் ஒரு வேடிக்கை: டிராக்டர் விமானத்தைப் பின்னோக்கித் தள்ளும் நிமிடங்களுக்குச் சம்பளம் ஓடுகிறது, ஆனால் விமானம் தன் சொந்த விசையில் நகரவில்லை என்பதால் லாக்புக் நேரம் ஓடுவதில்லை.) அதனால்தான் மாத உத்தரவாதம் எத்தனை மணி என்பதை முதலில் கேட்க வேண்டும். 75 மணி என்றால் மாதத்திற்கு 6,750 டாலர், ஆண்டுக்கு 81,000, வரிக்கு முன். எவ்வளவு விரும்பினாலும் ஆண்டுக்கு 1,000 மணிக்கு மேல் பறக்க விதி இடம் தராது.

இன்று இந்த எண் சாதாரணமாகத் தோன்றலாம். 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகர் அருகே கோல்கன் ஏர் என்ற வட்டார நிறுவனத்தின் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் விசாரணையில் அந்தத் துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டாலர் என்று பேசப்பட்டபோதுதான், வட்டார விமானிகள் எப்படி வாழ்கிறார்கள் என்பது வெளியே தெரிந்தது. அவ்விபத்தை ஒட்டி 2010-இல் சட்டம் வந்தது. 2013 ஜூலையில் எஃப்.ஏ.ஏ. விதி நடைமுறைக்கு வந்தது. அதுவரை 250 மணியோடு துணை விமானி ஆகலாம் என்றிருந்தது 1,500 ஆயிற்று. அந்த இரு விமானிகளிடமும் 1,500-க்கு மேல் இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. விமானம் வேகமிழந்து எச்சரித்தபோது கேப்டன் கட்டுப்பாட்டுக் கம்பத்தை முன்னே தள்ளுவதற்குப் பதிலாகப் பின்னே இழுத்தார். மணிக்கணக்கு அதைத் தடுக்கவில்லை.

மணி உயர்ந்தவுடன் சம்பளமும் உயர்ந்துவிடவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பெரிய நிறுவனங்களின் மூத்த விமானிகள் பலர் முன்கூட்டியே ஓய்வு பெற்று, பிறகு ஆள் தட்டுப்பாடு கழுத்தை நெரித்தபோதுதான், 2022 ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்களான என்வாய், பீட்மான்ட், பி.எஸ்.ஏ. ஆகியவை முதலாண்டுக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. அதிலும் ஒரு பகுதி தற்காலிக மிகையாகவே தொடங்கியது. ஆகவே உங்களுக்குச் சொல்லப்பட்ட 90-இல் ஒப்பந்தத்தில் நிலையாக எழுதப்பட்டது எவ்வளவு, பயிற்சி மாதங்களில் என்ன தருவார்கள், சேர்க்கை ஊக்கத்தொகை உண்டென்றால் எத்தனை ஆண்டுக்குள் விலகினால் திருப்பிக் கேட்பார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் பெறுங்கள். முப்பது மணி வகுப்பும் பத்து மணி சிமுலேட்டரும் கொண்ட ஏ.டி.பி. முன்பயிற்சியின் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். அதை முடிக்காமல் எழுத்துத் தேர்வுக்கே போக முடியாது.

கேட்டவரின் மறுமொழி

நேற்று இரவு முழு லாக்புக்கையும் திரும்பக் கூட்டினேன். சேஃப்டி பைலட் நிமிடங்களைக் கழித்தபின் மொத்தம் 1,506. கிராஸ் கன்ட்ரி 294 ஆகக் குறைந்து, தரையிறங்காத பயணங்களைச் சேர்த்ததில் 341 ஆகியிருக்கிறது. இரவில் பறந்த நேரம் மட்டும் வேண்டிய 100-க்குப் பதில் 91 என்று வந்து திகைக்க வைத்தது.

பதில் 1

இரவில் முழுமையாக நின்ற தரையிறக்கங்களை எண்ணுங்கள். புறப்பாட்டோடு சேர்த்து முதல் இருபதுக்கு மேற்பட்ட ஒவ்வொன்றையும் ஒரு மணியாக, 25 வரை, எடுத்துக்கொள்ளலாம்.

கேட்டவரின் மறுமொழி

எண்ணிவிட்டேன், 46 இருக்கின்றன. சிமுலேட்டரில் 14 மணிக்குப் பதிவு செய்துவிட்டேன். அனுமதிக் கடிதத்தின் நகலையும் வாங்கிக்கொண்டேன். சரிபார்த்தவருக்குத் திருத்திய பக்கங்களை அனுப்பியபோது, கட்டுப்படுத்தப்பட்ட ஏ.டி.பி. கட்டத்தில் குறியிட்டு விண்ணப்பத்தையும் மாற்றி அனுப்புமாறு பதில் எழுதியிருக்கிறார். கடன் விண்ணப்பத்தை வங்கியிலிருந்து திரும்பப் பெற்றுவிட்டேன்.